டொக் டொக் இல்லாத பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை நியூ டவுன் ஃப்ளாட்டில் என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். கெடுப்பது என்று நான் சொல்கிறேன். அவளுக்கு அதுதான் தொழில். "ஷோனோப்பா, கேளேன், இது ரொம்ப க்ளீனா இருக்கு. கொஞ்சம் பழசாக்கணும்" என்று எதையோ தட்டினாள். பழைய கேசட்டின் 'உஸ்ஸ்' வந்து பாட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

அந்த 'உஸ்ஸை' ஒழிப்பதற்குத்தானே ஒரு காலத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்! இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பாலிகஞ்சில் ஒரு விளம்பர ஸ்டுடியோவில் இருந்தேன். இரைச்சல் நீக்கும் மென்பொருள் புதிதாக வந்திருந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அந்தக் கதைதான்.

வீட்டில் அம்மாவின் கேசட் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டில் கரண்ட் போகும் நேரம் பார்த்துத்தான் பதிவு நடக்கும். ஃபேன் சத்தம் நின்றுவிடுமல்லவா! பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் அம்மா வியர்க்க வியர்க்கப் பாடுவாள். துறைமுக ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு அப்பா நாற்காலிக் கையில் டொக் டொக்கென்று தாளம் போடுவார். வெளியே ரிக்‌ஷா மணி கேட்கும். அம்மா போன பிறகு அவள் குரலாக மிஞ்சியது அந்தக் கேசட் மட்டும்தான்.

அதை ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் உட்கார்ந்தேன். உஸ், மணி, டொக் எல்லாவற்றையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கிவிட்டு சிடியில் ஏற்றினேன். கேசட் இனி எதற்கு என்று அதன்மேல் ஓர் ஊறுகாய் விளம்பரத்தையும் பதிந்து தொலைத்தேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. நான் எங்கடா?"

"தட்டுற சத்தம் இடைஞ்சலா இருந்துச்சுப்பா. எடுத்துட்டேன்."

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அந்தச் சிடி ஓடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தன் தாளத்தைத் தானே தட்டிக்கொண்டார், கடைசி வருஷம்வரை.

பாட்டில் சேர்க்க மகள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் சத்தங்களின் பட்டியலில் உஸ் இருக்கிறது, ரெக்கார்டு கீறல் இருக்கிறது, மழைகூட இருக்கிறது. அப்பாவின் டொக் டொக் இல்லை. லேக் கார்டன்ஸ் வீட்டை இடித்தாயிற்று, அந்த நாற்காலி எங்கே போனதென்று தெரியவில்லை. நேற்று சிடியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் நானே தட்டிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே தாளம் தப்பிவிட்டது. அம்மா நிற்காமல் பாடிக்கொண்டே போனாள்.