ஆடிட் அன்று வந்த குழந்தை

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதலிபாளையம் பனியன் கம்பெனிக்குத் துணியில் பிசிர் வெட்ட வந்தவள் ஒச்சாயி. முதலாளி தரணீதரனுக்கு மகள் பிறந்தபோது, "ஒரு மாசத்துக்கு மட்டும் ஊட்டுல வந்து கொழந்தையப் பாருங்க" என்றார்கள். அந்த ஒரு மாசம் இழுத்துக்கொண்டே போய் நான்கு வருஷமாகிவிட்டது. கம்பெனிப் பதிவில் மட்டும் அவள் இன்னும் பிசிர் வெட்டும் செக்கிங் பெண்தான்.

வீட்டில் அவளுக்கு ஆயா என்று பேர். முதல் நாள் கூப்பிட்டபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஊரில் அப்பத்தா உண்டு, அம்மாச்சி உண்டு, ஆயா கிடையாது. முப்பத்தைந்து வயசில் வந்த இந்தப் பேர் உறவா உத்தியோகமா என்று பிடிபடாமல் முதலாளியிடமே கேட்டாள்.

"அது போர்ச்சுகீசியர் கொண்டாந்த சொல்லுங்க. கப்பல்ல வந்தது. புள்ளை பாக்கற பொம்பளைன்னு அர்த்தம். இன்னும் தோண்டிப் பாத்தா பாட்டின்னு வருமாமுங்க" என்றார் அவர்.

"அப்ப நான் வேலைக்காரியா, பாட்டியாங்கய்யா?"

"ரெண்டும்னு வெச்சுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார். வேலைக்கு வந்தவளையும் வாங்க, போங்க என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். அது வேறு ஒச்சாயியைக் குழப்பியது. இங்கிருந்து பனியன் கப்பலேறிப் போகிறதே, அதற்குப் பதிலாக எனக்கொரு பேரை ஏற்றி அனுப்பிவிட்டார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் குழந்தை வர்ஷினி கூப்பிட்டால் மட்டும் எந்தக் கேள்வியும் வராது. அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு அப்படி உயிர்.

இரண்டாயிரத்து ஆறில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வந்தது; ஆள்களையும் பதிவையும் ஒத்துப்பார்க்கிற சோதனை. பதிவில் உள்ள எல்லோரும் கம்பெனியில் இருந்தாக வேண்டும். ஒச்சாயிக்கும் மாஸ்க் மாட்டி, கையில் கத்தரியைக் கொடுத்து மேஜை முன் நிறுத்தினார்கள்.

"ஊட்டு வேலைன்னு வாயைத் தொறந்தறாதீங்க. ஆர்டர் போயிரும், உங்களுக்கும் வேலை இருக்காதுங்க" என்று மேனேஜர் கிட்டுசாமி முன்பே சொல்லிவைத்திருந்தார்.

முதலாளி வீடு கம்பெனியை ஒட்டித்தான். ஆடிட்டுக்கு வந்த அம்மாள் ஒச்சாயியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வர்ஷினி தேடிக்கொண்டு ஓடிவந்து, "ஆயா!" என்று அவள் சேலையைப் பிடித்தாள்.

"யாரும்மா இந்தக் குழந்தை? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

பேத்தி என்பதா, வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளை என்பதா? ஒச்சாயி பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்த்தாள். கிட்டுசாமி முறைத்தார்.

"தெரியலைங்கம்மா. யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டாள். சேலையைப் பிடித்திருந்த விரல்களைத் தானே பிரித்தும் விட்டாள்.

கிட்டுசாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆடிட் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் முதலாளியம்மாளே வந்து, "வாங்க ஆயா, இவ மத்தியானமிருந்து ஒரு வாய் சோறுகூட உங்கலீங்க" என்றாள்.

ஒச்சாயி ஓடிப்போய்ப் பருப்புச் சோறு பிசைந்து நீட்டினாள்.

வர்ஷினி வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, "இது ஆரும்மா?" என்று கேட்டாள்.

ஒச்சாயி கிண்ணத்தோடு நின்று அழுதாள்.