ஓட்டுபவரின் எடை

ரசமட்டம் என்ற பட்டப்பேரைச் சொன்னால்தான் பட்டறைப் பக்கம் அவரைத் தெரியும். சாப்பாட்டுத் தட்டு லேசாகச் சாய்ந்திருந்தாலும் அடியில் அட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கை வைப்பார் என்று கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்களும் தங்கள் பந்தயக் காரின் பின்பக்கம் முரண்டு பிடித்தால் அவரிடம்தான் வந்து நின்றார்கள். மண் தடத்தில் ஓடும் காருக்கு உயிர் பின்சக்கரத்தில் இருக்கிறது. பின் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் குதிக்கும். வளைவில் வால் தன் போக்கில் போய்விடும்.

அவருடைய காரை மகன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. பந்தயத்தில் போயிருந்தால் திட்டித் தீர்க்க ஒரு வளைவாவது மிஞ்சியிருக்கும். காய்ச்சலை என்ன சொல்லித் திட்டுவது?

இப்போது மகள் ஓட்டுகிறாள். அண்ணனைவிடத் துணிச்சல்காரி. ஆனால் அவள் ஏறிய பந்தயத்திலெல்லாம் கார் சுழன்றது. கடைசியாகத் தடுப்பில் மோதித் தோள் இறங்கி, இப்போதுதான் ஆறியிருந்தது. அண்ணன் பேரைக் கெடுக்க வந்தவள் என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த பந்தயத்தன்று காலை பட்டறையில் சொன்னாள்: "இன்னைக்கும் சுத்திச்சுன்னா நான் எறங்கிடறேன்ப்பா. எனக்கு ஓட்ட வரல."

"வண்டி சரியாத்தாம்மா இருக்கு. நானே எடை போட்டு வெச்சேன்."

நான்கு சக்கரங்களுக்கும் கீழே தராசு வைத்து, ஓட்டுபவரை இருக்கையில் உட்காரவைத்து, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு சுமை விழுகிறது என்று பார்த்து ஸ்பிரிங்கைத் திருத்துவார்கள். கனமான ஆளுக்கு விறைப்பான ஸ்பிரிங், லேசான ஆளுக்கு இளகியது. ஓட்டுபவர் இல்லாதபோது அந்த ஆளின் எடைக்கு மணல் மூட்டை வைப்பார்கள்.

"என்னை ஒரு தடவைகூட உக்காரச் சொல்லலியே?"

"நீ வேலைக்குப் போயிடறே. மூட்டை வெச்சுத்தான் பார்த்தேன்."

காருக்குள் எட்டிப் பார்த்தாள். மூட்டைகள் இன்னும் இருக்கையிலேயே இருந்தன. பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாக இறக்கி, தோள் வலிக்க வலிக்கத் தராசில் ஏற்றினாள். அவள் எடையைப் போல ஒன்றரை மடங்கு காட்டியது.

"இது அண்ணன்ப்பா."

அவர் குனிந்து தராசைப் பார்த்தார். சத்தியமாக யோசிக்கவே இல்லை, கை பழகிய வேலை. ஒவ்வொரு தடவையும் அதே மூட்டைகளைத் தூக்கி உட்காரவைத்து, மகனுக்குத் தோதான ஸ்பிரிங்கையே மாட்டியிருக்கிறார். அதோடு பெல்ட்டும் போட்டுவிட்டிருக்கிறார். மணல் மூட்டைக்கு உலகத்தில் யாரும் பெல்ட் போடுவதில்லை.

பெண்ணைத் தடுப்பில் கொண்டுபோய் மோதவிட்டது தன் கைதான் என்று அவருக்கு விளங்கியது.

"ஏறி உக்காரும்மா," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். இளகிய ஸ்பிரிங்குகளைத் தேடி எடுத்து மாட்டினார். பின்பக்கத்தின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

அன்று கார் ஒரு வளைவிலும் வால் பிசகவில்லை. மண்ணைக் கவ்விக்கொண்டு ஓடி மூன்றாவதாக வந்தது. ஆட்கள் ரசமட்டத்தைத் தேடிவந்து முதுகில் தட்டினார்கள். அவர் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார்.

தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டி நல்லாத்தானேப்பா ஓடுச்சு?"

"நல்லா ஓடுச்சும்மா," என்றார். "இனிமே உங்கண்ணன் வந்து உக்காந்தா ஓடாது."