செம்பட்டைத் தலைக் கவிஞனுக்கு ஒரு படையல்

சித்தூரில் பி.ஏ. படித்தபோது பாடப்புத்தகத்தில் மங்கலாகப் பார்த்த படம் அது. விக்டோரியா ராணி காலத்து ஓவியம். செம்பட்டை முடிப் பையன் ஒருவன் சட்டை திறந்தபடி கட்டிலில் கிடக்கிறான். ஒரு கை தரையில் தொங்குகிறது. கீழே, கிழித்துப்போட்ட கவிதைகள். பதினேழு வயது. பட்டினி, விஷம், முடிந்தது. அவன்மேல் எனக்கு அன்றே ஒரு இது.

ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்துத் திருப்பதியில் ரூம் எடுத்ததும் முதல் வேலையாக அதைக் கலரில் பெரிதாக அச்சடித்து, சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்தேன். பையன் இருக்கிறானா, போய்விட்டானா என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். போய்விட்டான் என்றேன். அவ்வளவுதான். தங்கக் கலர் சட்டம், சந்தன மாலை, மேலே சிவப்பு பல்பு என்று சகல மரியாதையோடும் கொடுத்தார். எனக்கும் கழற்ற மனசு வரவில்லை. வெள்ளைக்காரனுக்கு மாலை நன்றாகத்தான் இருந்தது.

போன வருஷம் நைனாவிடம், வேலையை விட்டுவிட்டுக் கவிதை மட்டும் எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னேன். நைனா நகரிப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிறவர். ‘உம்’ கொட்டிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் அமாவாசை. மத்தியானம், வீட்டுப் படையல் சாப்பாட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வேலைப் பேச்சுக்குத்தான் வந்திருக்கிறார் என்று தெரியும். பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

உள்ளே வந்ததும் படத்தைப் பார்த்தார். மகள் ரூமில் சட்டை திறந்த ஒரு பையன்! அவர் முகம் போன போக்கில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகுதான் மாலையையும் பல்பையும் கவனித்தார்.

“யாரு பாப்பா, உங்கூட படிச்சவனா?”

கதையைச் சொன்னேன். ஊரை விட்டு லண்டனுக்கு வந்தது, தனி ரூம், கவிதைகளைக் கண்டுகொள்ளாத பத்திரிகைகள், வீட்டுக்கார அம்மா கூப்பிட்டும் சாப்பிட மறுத்தது. சொல்லச் சொல்லப் பாதி என் கதை மாதிரியே இருந்தது.

“அவுங்க நைனா வந்து இட்டுக்கினு போவலயா?”

இவன் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார் என்றேன்.

நைனா கேரியரைத் திறந்தார். படத்துக்கு முன் இலை போட்டு, சோறு, குழம்பு, வடை, சொம்பில் தண்ணீர் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். கல்யாணம் ஆகாமல் போன பிள்ளைக்கு யாராவது படைக்க வேண்டுமே, அதற்கு தேசமாவது பாஷையாவது என்பது அவர் கட்சி. பால்கனிச் சுவரில் ஒரு பிடி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காகம் வந்துவிட்டது.

“பாவம், ரொம்ப பசியோட இருந்துகீறான்” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த இலையிலேயே என்னை உட்காரவைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே இருந்தார். வேலைப் பேச்சு வரவே இல்லை. என் பதில்கள் எல்லாம் வீண். கை கழுவிவிட்டு வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

“வேலய உடறதுன்னா உடு. இந்த ரூமு சாவி ஒண்ணு எங்கிட்ட குடுத்துடு.”

கீழ் வீட்டில் இருந்த மாற்றுச் சாவியை வாங்கிவந்து கொடுத்தேன். அதை அரைஞாண் கயிற்றில் கோர்த்து, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஏறப் போனார்.