ஓணான் பெட்டிக்கு நான் போட்ட கண்ணாடி

அந்தக் கண்ணாடி இன்னும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் சாய்ந்து நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. உடைத்துக் குப்பையில் போடச் சொல்லி மனைவி பல தடவை சொல்லிவிட்டாள். நான்தான் விடவில்லை. இந்தக் கோபம் ஆறிவிடக் கூடாது என்றே வைத்திருக்கிறேன்.

என் மகள் ஓர் ஆஸ்திரேலிய ஓணான் வளர்க்கிறாள். கழுத்தைச் சுற்றித் தாடி மாதிரி முள் இருக்கும். சீண்டினால் அந்தத் தாடி உப்பிக் கறுத்துவிடும். பியர்டட் டிராகன் என்று அவள் சொல்வாள். எங்கள் தெருவுக்கு அது வெறும் ஓணான். படிப்பின் கடைசியில் மூன்று மாதப் பயிற்சிக்காக ஆடி பிறந்ததும் அவள் பெங்களூர் போனாள். போகும்போது ஓணானை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். ஐந்து மாதக் குட்டி. வாலோடு சேர்த்து ஒரு முழம்கூட இருக்காது.

கிளம்புவதற்கு முன் பெட்டியின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினாள். காலையிலும் சாயந்திரமும் கிரிக்கெட் பூச்சி, அதாவது நம் சுவர்க்கோழிதான், கடையில் டப்பாவில் விற்கிறார்கள். ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடத்தைவிடப் பெரிய பூச்சி ஆகாது. பூச்சியைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் போட வேண்டும். கீரை கொஞ்சம். சூட்டுக்கு மஞ்சள் பல்பு, வெயிலுக்குப் பதிலாக நீள டியூப், பகலெல்லாம் எரிய வேண்டும். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: டியூபுக்கும் அதுக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் எங்கள் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாக வயர்மேன் வேலை. டியூப் லைட்டைப் பற்றி எனக்கு ஒருத்தர் எழுதி ஒட்ட வேண்டுமா என்று அன்றைக்கு மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆடி பாதியில் வந்தது வம்பு. பெட்டியின் வலை மூடி ஓரத்தில் பிரிந்திருந்தது. பூச்சிகள் அந்த வழியாக வெளியே குதித்தன. ஒரு நாள் காலையில் விளக்கேற்றப் போனால், பெருமாள் படத்து மாலைமேல் ஒரு சுவர்க்கோழி மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இன்னாங்க இது அநியாயம்," என்றாள் மனைவி. "சாமி மேலயே ஏறிகினு குந்தியிருக்குது. ஒரு மூடிய கீடிய பாருங்க. இல்லன்னா ஓணானத் தூக்கினு நீங்க தனியாப் போயிடுங்க."

டியூபும் பூச்சியும் வாங்குகிற அதே மீன் தொட்டிக் கடைக்குப் போனேன். பெட்டி அளவைச் சொல்லி, ஓணானுக்கு மேல்மூடி வேண்டும் என்றேன். கடைக்காரர் கண்ணாடியை அறுத்து, காற்றுக்கு ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு, விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார். அதைப் பெட்டிமேல் பொருத்தி, டியூபை அதற்கு மேலே தொங்கவிட்டேன். உள்ளே வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. அந்தத் தாளில் இருந்த "எதுவும்" என்பது துணி, அட்டை, இலை தழை என்றுதான் எனக்குப் பட்டது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரிகிற ஒரு பொருளை நான் தடை என்றே நினைக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட உடைக்க மாட்டோம். பெருமாள் மாதத்தில், படத்துக்கு எதிரிலேயே, உயிருள்ள பூச்சியைப் பிடித்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நிறுத்திவிட்டேன். கீரையும் பூசணித் துருவலும் மட்டும் வைத்தேன்.

"குட்டியாச்சே, தாங்குமா?" என்று மனைவி கேட்டாள்.

"நாம தாங்கலையா? ஒரு மாசம் சாமிக்காக இருக்கட்டும்," என்றேன்.

தெருவிலும் பெருமையடித்தேன், "எங்க ஊட்டு ஓணானும் வெரதம்" என்று. எதிர்வீட்டுக்காரர், "அப்ப அதுக்கும் ஒரு நாமத்த இழுத்து உடுங்க, தாடிகூட இருக்குது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மகள் போன் செய்யும்போதெல்லாம், "நல்லா இருக்குதும்மா" என்றேன். பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. அது நகராமல் கிடந்ததை நான் சாந்தம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டு, கோவிந்தா சொல்லி, கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினேன். பெட்டிக்குள் அது முன்காலை ஊன்றி நகரப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி இழுபட்டு வந்தன. அதன் விரல்கள் தானாக வெடவெடவென்று நடுங்கின. கையில் எடுத்தேன். தாடை அழுத்தினால் அமுங்கியது.

நெற்றியில் நாமத்தோடு, ஒரு துண்டில் அதைச் சுற்றிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினேன். ஒரு அம்மாள். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். எலும்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் புகை மாதிரி இருந்தது.

"இன்னா சாப்பாடு குடுக்கறீங்க?"

"கீரைங்கம்மா."

"பூச்சி?"

"புரட்டாசிங்கம்மா."

அவர்கள் என் நெற்றியைப் பார்த்தார்கள். "புரட்டாசி உங்களுக்குதானே," என்றார்கள். அடுத்து, லைட்டு எப்படி மாட்டியிருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னேன்.

"கண்ணாடி வெளிச்சத்த உடும், அந்தக் கதிர உடாது. நம்ம கண்ணுக்குத் தெரியாத கதிர் அது. அது மேல படலன்னா எவ்ளோ சத்து குடுத்தாலும் எலும்புல சேராது. ரெண்டு மாசமா உங்க ஓணான் இருட்டுலதான் இருந்திருக்குது." மருந்தை எழுதிக்கொண்டே, "பொழைக்கும்னு இப்ப சொல்ல மாட்டேன்," என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஓணானை மனைவி கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். மேசைமேல் வைத்த சத்தத்தில் தொட்டி மீனெல்லாம் சிதறியோடின.

"கண்ணாடி போட்டா அந்தக் கதிர் உள்ள போவாதாமே. உனுக்குத் தெரியுமா தெரியாதா?"

"அது தெரியும்ணே," என்றார் சாதாரணமாக.

"ஓணானுக்குன்னு சொல்லித்தானய்யா கேட்டேன். டியூப வித்ததும் நீதான், மூடிய அறுத்ததும் நீதான். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க மூடி கேட்டீங்க, குடுத்தேன். நீங்களே லைட்டு வேலை செய்யறவரு. ஒங்களுக்கு நா பாடம் எடுத்தா நல்லாவா இருக்கும்?"

ஓங்கிய கையை இறக்கினேன். அவர் சொன்னதில் பாதி நிஜம். அந்தப் பாதிதான் இன்னும் என்னைக் குடைகிறது. ஆனால் மீதிப் பாதியை நான் மன்னிக்கவில்லை. ஒரு உயிர் சாகும் என்று தெரிந்தும், கேட்டதைக் கொடுத்தேன் என்று நிற்கிறவனை எப்படி மன்னிப்பது? அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை. அன்றைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் ஒரு டப்பா பூச்சி வாங்கினேன்.

"புரட்டாசி சனிக்கெழமையில நாமத்தோட பூச்சி வாங்கறது நீங்க ஒருத்தர்தான்ணே," என்றார். டப்பாவையும் அந்தக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வீட்டில் டியூபைப் பெட்டிக்கு உள்ளேயே, நேராக அதன் முதுகுக்கு மேல், ஒரு அடி உயரத்தில் மாட்டினேன். மூடிக்குப் புது வலை அடித்தேன். அதன் பிறகு பெருமாள் முன்னால் போய் நின்றேன். வேண்டுவதற்குப் போகவில்லை, கோபத்தோடுதான் போனேன். பூச்சி தின்கிற வயிற்றைக் கொடுத்தது நீ, விரதம் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது நான், நடுவில் அது என்ன செய்தது, அதன் காலை ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் இதை என்னிடம் கேட்கவே இல்லை. என் விரதத்தை அடுத்த உயிரின் வாயில் வைத்துக் கட்டியது நான்.

அப்படியே போய் உட்கார்ந்து, பூச்சியைப் பொடியில் புரட்டி இடுக்கியில் பிடித்து நீட்டினேன். தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. மருந்தைச் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் விட்டேன். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் காலையில் நாக்கை நீட்டி ஒரு பூச்சியை வெடுக்கென்று பிடுங்கியது. மனைவி பூஜைக்கு வைத்திருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொண்ணு குடுங்க, இன்னொண்ணு குடுங்க," என்றாள்.

புரட்டாசி முடிந்த கையோடு மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் பெட்டியிடம் போனாள். அதற்குள் அது நடக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் இடது பின்னங்கால் வெளிப்பக்கம் வளைந்தே நின்றுவிட்டது. அது இனி நேராகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள்.

"கால் இன்னாச்சுப்பா?"

அவள் வந்து நிற்கிறவரை, பழியைப் போடக் கடைக்காரன் பெயரைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். "நாந்தாம்மா," என்றேன். "கண்ணாடி போட்டேன். பூச்சிய நிறுத்துனேன்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று நாள் பூச்சியும் மருந்தும் அவளே கொடுத்தாள், என்னைக் கிட்ட விடவில்லை. நான்காம் நாள், பேனாவை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் போய் அந்தத் தாளில் ஏதோ எழுதினாள். அவள் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். "எதுவும்" என்பதற்குப் பக்கத்தில் "கண்ணாடியும்" என்று இருந்தது. மேலே, காலையிலும் சாயந்திரமும் பூச்சி என்ற இடத்தில், "புரட்டாசியிலும்" என்று சேர்த்திருந்தாள்.