மூணாம் நம்பர் வண்டியும் வலது வளைவும்

கஸ்டமர் போய் ட்ராக் ஓரத்துல அடுக்கியிருக்கற டயர்ல முட்டினா வண்டி சரியில்லை, முட்டாம வந்தா அவரு நல்லா ஓட்டுனாரு. கோ-கார்ட் மெக்கானிக் பொழப்பு இவ்வளவுதானுங்க. எந்தப் பட்டறையில நின்னு பேச்சு வாங்கினவரா இருந்தாலும் நீங்க நம்ம ஆளு, அதனால மறைக்காம சொல்றேன். நான் கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்துல காசு குடுத்துக் குட்டி ரேஸ் வண்டி ஓட்டற ஒரு கோ-கார்ட் ட்ராக்குல வேலை பார்க்கறேன். அதுக்கு முன்னால டிராக்டர் பட்டறை. மாமனார் ஊட்டுல மட்டும் நான் 'ரேஸ் மெக்கானிக்'.

ஒத்தை விரல் ஸ்டியரிங்

"ஸ்டியரிங் கல்லாட்டம் இருக்குதுங்க, கை வலிக்குதுங்க"ன்னு வர்றவங்க எல்லாம் சொன்னா மனசு கேக்குமா? மூணாம் நம்பர் வண்டியில கை வெச்சேன். முன்சக்கரம் திரும்பறது கிங்பின்னுங்கற தண்டுல. அது கொஞ்சம் பின்னால சாஞ்சு நிக்கும். அந்தச் சாய்மானத்தைக் குறைச்சு நிமுத்தி விட்டேன். ஒத்தை விரல்ல சுத்துச்சு. எனக்குப் பெருமை தாங்கலை.

அடுத்து ஓட்டுன பக்கத்து ஃபேக்டரிக்காரர் ஒருத்தர் வலது வளைவுல நேராப் போய் டயர்ல மோதினாரு. இறங்கி வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. "வெண்ணெயாட்டம் சுத்துதுங்க, வண்டிதான் அதுகூடத் திரும்ப மாட்டேங்குது!"

எங்கீங்க அந்த பிரேக்?

நான் அசரலை. ஓட்டறவங்க தப்புன்னு சாதிச்சேன். அதுக்குத் தோதா வந்தாரு நல்லேப்பிள்ளி விவசாயி ஒருத்தர், என் பழைய டிராக்டர் கஸ்டமர். வயல்ல டிராக்டரைத் திருப்பறப்ப, திரும்பற பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுவாங்க. அந்தப் பழக்கத்துல வலது வளைவு வந்ததும் வலது பெடலை ஓங்கி மிதிச்சாரு. கார்ட்ல அது ஆக்ஸிலேட்டர்!

நல்லவேளை, அடியொண்ணும் இல்லை. சரிஞ்ச டயருக்கு நடுவுல உக்காந்துட்டு என்னையத்தான் வைதாரு. "ஏனுங்க, உள்பக்கச் சக்கரத்தைப் புடிச்சு நிறுத்தாம வண்டி எப்படீங்க திரும்பும்?"

கல்யாணத்துக்கு வந்தவர்

ட்ராக் முதலாளியம்மா கெடு வெச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள மூணாம் நம்பர் வளையணும், இல்லைன்னா நான் டிராக்டருக்கே திரும்பிடணும். மாமனார் ஊட்டுல என்ன சொல்றது?

சனிக்கிழமை ஒருத்தர் வந்தாரு. சாந்தன்பாறையில எஸ்டேட் ஜீப் ஓட்டறவர், இங்க ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்காரு. ஒரு ரவுண்டு போய் நிறுத்தி, அடியில குனிஞ்சு பார்த்தாரு. ரெண்டு பின்சக்கரமும் ஒரே தண்டுல ஒண்ணாவே சுத்துதே, வளைவுல உள்சக்கரம் மெதுவாச் சுத்த வேண்டாமான்னு கேட்டாரு. நான் வாத்தியார் மாதிரி விளக்கினேன்: கிங்பின் சாஞ்சிருக்கறதால ஸ்டியரிங்கைத் திருப்புனதும் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு நூலளவு தூக்கிக்கும், அப்பத்தான் கார்ட் வளையும். சொல்லி முடிக்கறதுக்குள்ள, அதை நிமுத்தி விட்டவனே நாந்தானேன்னு எனக்கே வேர்த்துப்போச்சு. அவர் சிரிக்கக்கூட இல்லை. "அப்ப அதைச் சாச்சு வைக்க வேண்டியதுதானண்ணே?"

ஞாயித்துக்கிழமை

சாச்சு வெச்சேன். முதலாளியம்மா வளைவுக்குப் பக்கத்துல கையைக் கட்டிட்டு நின்னாங்க. மூணாம் நம்பர்ல ஏறுனது யாரு? அதே நல்லேப்பிள்ளிக்காரர்! அவரு வலது காலைப் பார்த்து நான் சாமி கும்பிட்டேன். உள்சக்கரம் லேசா எந்திரிச்சுது, வண்டி அழகா வளைஞ்சு வந்துச்சு. கண்ணு கலங்கிருச்சுங்க, சொல்றதுக்கு என்ன கூச்சம்?

அவரு இறங்கி, கையை உதறிட்டு, வண்டி திரும்புது, ஆனா ஸ்டியரிங் கல்லாட்டம் இருக்குதுன்னாரு. முதலாளியம்மா என்னைப் பார்த்தாங்க. "அவரு சொல்றது வாஸ்தவந்தானுங்க, கொஞ்சம் லேசு பண்ணி விட்டுருங்க!"

அன்னையிலிருந்து ஸ்பானரோட குனிஞ்சு, எதையும் தொடாம எந்திரிச்சு, "லேசாயிருச்சுங்க"ன்னு சொல்றதுதானுங்க இந்த ரேஸ் மெக்கானிக்கோட தொழில் நுணுக்கம்.