ஒன்றே முக்கால் கிலோக் கையெழுத்து

நான் ஐந்தாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. ஆனால் தி. நகரில் மூன்று மாடிப் பாத்திரக் கடையை இந்தக் கையால் எழுப்பினேன். ஒரு குத்துவிளக்கைத் தூக்கினால் போதும், எடையைச் சொல்லிவிடுவேன். தராசு என்னைச் சரிபார்த்ததில்லை. நான்தான் தராசைச் சரிபார்ப்பேன். என் மருமகன் இப்போது சாப்ட்வேர் வேலைகளை எப்படி நடத்துவது என்று பெரிய ஆட்களுக்கு வகுப்பெடுக்கிறார். மொத்தமாகச் செய்து கொடுப்பது பழைய முறை, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டுவது புதிய முறை என்று இரண்டு உண்டாம். இரண்டையும் தொண்ணூறுகளிலேயே, ஒரே வருஷத்தில் நான் பார்த்து முடித்துவிட்டேன்.

அந்தச் சித்திரையில் எங்கள் தெருக் கடைக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன், தை பிறந்தால் என் கடையில் கையால் எழுதும் பில் கிடையாது, கம்ப்யூட்டர்தான் என்று. வாசலில் போர்டும் வைத்தேன். தையில் சீர்ப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் படிக்கட்டு வரை நிற்பார்கள். தவறினால் அந்தத் தெருவில் நான் தலை காட்ட முடியாது.

அடையாறிலிருந்து ஒரு கம்பெனி மேனேஜர் வந்தார். அந்த வெயிலிலும் டை. கடைக்கு என்னென்ன வேண்டும் என்பதை முதலில் முழுக்க எழுத்தில் போடுவார்களாம். நான் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவர்கள் ஆபீசில் உட்கார்ந்து செய்து, முடிந்ததும் மொத்தமாகக் கொண்டு வருவார்கள். நடுவில் எதையும் மாற்றக் கூடாது. வீடு கட்டுகிற மாதிரி என்றார். என் வீட்டைக் கட்டியபோது நான் தினமும் போய்க் கொத்தனார் பக்கத்திலேயே நின்றதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் காகிதக் கட்டு வந்தது. முழுக்க இங்கிலீஷ். கல்லாவைச் சுற்றி என் ஆட்கள் நின்றார்கள். படித்துவிட்டு அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்தேன். அவர்கள் நகர்ந்ததும் தராசில் ஏற்றினேன். ஒன்றே முக்கால் கிலோ. இவ்வளவு கனமாக எழுதியவன் எதையும் விட்டிருக்க மாட்டான். மறுநாள் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் எனக்கு முத்து முத்தாக வரும். மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததாக எல்லோரிடமும் சொன்னேன்.

கார்த்திகையில் மெஷின் வந்தது. கூடவே மேனேஜரும், புரோகிராம் எழுதிய மயிலாப்பூர்ப் பெண்ணும். முதல் பில்லுக்கு ஒரு பித்தளை அண்டாவை வைத்தேன். அந்தப் பெண் தட்டினாள். எத்தனை உருப்படி என்று திரை கேட்டது. ஒன்று. அடுத்து ஏதோ கேட்டது. அவள் தயங்கினாள்.

"என்ன கலர்னு கேக்கறது, மாமா."

பித்தளைக்கு என்ன கலர்? அதற்கடுத்து ஜாக்கெட் துணி சேர்த்தா என்றும் கேட்டது. எடை போட மட்டும் இடமே இல்லை. எங்கள் கடையில் பித்தளை, எவர்சில்வர் எல்லாம் கிலோக் கணக்கு. பழைய பாத்திரம் கொண்டு வந்தால் அதையும் எடை போட்டுக் கழிக்க வேண்டும். மேனேஜர் காகிதக் கட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். உருப்படிக் கணக்கு என்றுதான் இருக்கிறதாம். கீழே என் கையெழுத்து. மாற்ற வேண்டுமென்றால் புதிதாக எழுதி, இன்னும் ஆறு மாதம்.

எங்கள் கடையில் வாங்குகிற பாத்திரத்தில் இலவசமாகப் பேர் வெட்டித் தருவோம். பேர் வெட்டுகிறவர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் டம்ளரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"பன்னெண்டு டம்ளர்லயும் வெட்டிட்டா மொதலாளி, பேரு சரியான்னு கேப்போம்? ஒண்ணுல வெட்டிக் காட்டி, சரின்னா தான மத்தத தொட்றோம். இவங்க மொத்தத்தையும் வெட்டி எடுத்தாந்துகீறாங்க."

இதைச் சித்திரையில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீங்கதான் மூணு நைட்டு படிச்சேன்னீங்களே."

மேனேஜர் விடவில்லை. "படிச்சுப் பார்த்துத்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க?"

ஆமாம் என்றால் தை போச்சு. இல்லை என்றால் இத்தனை பேர் முன்னால் என் பெருமை போச்சு. வாசலில் போர்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"படிக்கலை. எடை போட்டேன்" என்றேன்.

பேர் வெட்டுகிற சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்.

"நானும் முழுசாப் படிக்கலை மாமா. எனக்கு நாப்பதாம் பக்கத்துலேர்ந்துதான் குடுத்தா." பிறகு மேனேஜரைப் பார்த்தாள். "நீங்க படிச்சேளா சார்?"

மேனேஜர் தண்ணீர் கேட்டார். டையைத் தளர்த்திக் குடித்தார். போன வருஷம் ஒரு ஜவுளிக் கடைக்குப் போட்டதாம் அது. கடைப் பேரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. நான் சொன்னபடிதான் நடந்தது. பேர் வெட்டுகிறவர் சொன்னபடி என்றும் சொல்லலாம். ஒவ்வொரு செவ்வாயும் அந்தப் பெண் பிளாப்பியோடு வருவாள். முதல் வாரம் எடையும் பில்லும் மட்டும். அடுத்த வாரம் பழைய பாத்திரக் கழிவு. கூடவே தமிழில் ஒரே ஒரு பக்கம். அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். தப்பு இருந்தால் கல்லாவிலேயே சொல்வேன். அடுத்த செவ்வாய் சரியாகிவிடும். மேனேஜர் ஒரு தடவை எட்டிப் பார்த்து, இதெல்லாம் ஒரு முறையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை முதல் நாள் பில் வந்தது. கிலோவோடு. சரக்கு இருப்புக் கணக்கு ஆடி வரை முடியவில்லை என்பது வேறு. போர்டில் பில் என்றுதானே எழுதியிருந்தேன்.

கையெழுத்துப் போடுகிறவர்கள் எதையும் படிப்பதில்லை என்பதற்கு மருமகன் வகுப்பில் என்னைத்தான் உதாரணம் சொல்கிறாராம். சொல்லட்டும். எழுதியவர் படிக்கவில்லை, செய்தவள் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டவனும் படிக்கவில்லை. மூன்று பேரில் அதை எடையாவது போட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.