பால் சைக்கிளில் போன மைல் ஓட்டக்காரன்

கல்லூரி விடுதியில் எனக்குக் கட்டில் கிடைத்தது படிப்பினால் அல்ல. இரண்டு தவணையாகக் கணக்கில் தேறாத என்னை அனுப்பிவிட அதிபர் முடிவெடுத்திருந்தார். முந்தின வருடம் மைல் ஓட்டத்தில் நான் இரண்டாவதாக வந்ததைச் சொல்லி, விளையாட்டுக்குப் பொறுப்பான டிறில் மாஸ்டர்தான் தடுத்தார். மாசியில் நடக்கும் போட்டியில் வென்றால் கட்டில் எனக்கு, தோற்றால் பெட்டியோடு வெளியே. வெளியே போனால் தங்க இடமில்லை. ஐயா இறந்தபின் அம்மா காணியை விற்றுவிட்டு அக்கா வீட்டில் இருந்தா. அங்கே இன்னொரு பாய் விரிக்க முடியாது.

தினமும் காலையில் காட்டுப் பாதையால் இரண்டு மைல் தள்ளியிருந்த குடியேற்றக் கிராமத்துக்கு ஓடிப்போய்த் திரும்ப வேண்டும் என்பது மாஸ்டரின் கட்டளை. முதல் கிழமை நேர்மையாகத்தான் ஓடினேன். எதிரே வந்த வண்டில்காரர் ஒருவர் மாட்டை நிறுத்தினார்.

"என்ன தம்பி, ஆனை கலைச்சுக்கொண்டு வருதோ?"

"இல்லை அண்ணை, சும்மா ஓடுறன்."

"சும்மாவோ? அவ்வளவு பெலன் இருந்தா என்ரை வயலுக்கு வாவன்."

அடுத்த கிழமை, கல்லூரிக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், சைக்கிளில் என் பக்கத்தில் வந்தார். குடியேற்றத்தில் பால் வாங்கிவர அவரும் தினமும் அந்தப் பாதையால் போய்வருபவர். யானைக்குப் பயந்தவர்.

"கதைச்சுக்கொண்டு போனா ஆனை விலகிப் போயிடும். நீ மூச்சு வாங்குறாய், ஒரு சத்தமும் இல்லை. உன்னாலை எனக்கு என்ன பிரயோசனம்? ஏறு பின்னாலை."

அன்று ஒருநாள் மட்டும் என்று ஏறினேன். எனக்குக் கதை நன்றாக வரும். போகும்போது பாதிக் கதை, வரும்போது மீதி, கடை வாசலில் ஒரு பால் தேத்தண்ணி. திரும்பும் வழியில், கடைக்கு வருமுன் ஒரு மதகு இருந்தது. நான் அங்கே இறங்கி, வாய்க்காலில் தலையை நனைத்து, கல்லூரி வாசல்வரை உயிரைக் கொடுத்து ஓடுவேன். அங்கே நிற்கும் மாஸ்டர் என் ஈரச் சட்டையைப் பார்த்து மகிழ்ந்துபோவார். பிறகு தேத்தண்ணி குடிக்கக் கடைக்குத் திரும்பிப் போவேன். மூன்று மாதத்தில் ஒருநாள்கூடப் பயிற்சி தவறவில்லை. மழையிலும் போனேன், நானா குடை பிடிக்கச் சொல்லுவார்.

போட்டியன்று முதல் இருநூறு யார் தூரம்வரை எனக்குக் கிட்ட ஒருவரும் இல்லை. மதகிலிருந்து வாசல்வரை அவ்வளவு தூரம்தான். அதற்குமேல் கால்களுக்கு எதுவும் தெரியவில்லை. வேலியோரம் நின்ற நானா கத்தினார்:

"ஒருத்தரோடையும் கதைக்காதை தம்பி, மூச்சைப் பிடி!"

கடைசியாக வந்தேன். குடியேற்றத்திலிருந்து தினமும் வரும் ஒரு பொடியன் வென்றான். வகுப்பு மணி அடிக்குமுன் வராவிட்டால் அடி விழும் என்று அதே பாதையில் வருடக்கணக்காக ஓடியவன்.

மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு நெஞ்சிலை ஏதோ வருத்தம், டொக்டரிட்டைக் காட்டோணும். இல்லாட்டி இப்பிடி வராது. அதிபரிட்டை நான் சொல்லுறன், கட்டில் இருக்கட்டும்."

ஓம் என்று தலையாட்டியிருக்கலாம். அவருடைய கண் கலங்கியிருந்ததுதான் என்னைக் கெடுத்தது.

"வருத்தம் ஒண்டும் இல்லை சேர். சைக்கிளிலை போனனான்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "போகேக்கையோ, வரேக்கையோ?"

"ரெண்டுக்கும் சேர்."

கட்டில் அந்தப் பொடியனுக்குப் போனது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரந்தனுக்குப் போய், லொறிக்கு மூட்டை ஏற்றினேன். சில வருடம் கழித்து ஓமந்தையில் அவனைக் கண்டேன். நன்றாகக் கொழுத்திருந்தான். இன்னும் ஓடுகிறாயா என்று கேட்டேன்.

"எங்கை அண்ணை? விடுதிக்கு வந்த பிறகு வகுப்புக்கு முப்பது யார் தூரம்தானே."